பெரோவ்ஸ்கைட்ல எக்ஸைட்டான் இருக்கா, எவ்வளவு இருக்குன்னு கண்டுபிடிக்கிறது எப்படி: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

பெரோவ்ஸ்கைட்ங்கிறது சோலார் செல்லுக்குப் பயன்படுற ஒரு வகைக் கிரிஸ்டல். நாகர்கோவில் பக்கம் ஒரு காலேஜ் லேப்ல எம்.எஸ்சி. பிராஜெக்ட் பண்ண வர்ற பிள்ளைங்க கூட நின்னு இந்த அளவீட்டைப் பல தடவை செஞ்சு பாத்தாச்சு. ஒவ்வொரு பேட்ச்சும் தடுமாறுற இடம் அதே நாலஞ்சு இடந்தான். சாம்பிள் நல்லாருக்கும், மெஷினும் ஒழுங்கா ஓடும், கடைசில "பைண்டிங் எனர்ஜி 62 மில்லி ஈவி"ன்னு ஒரு நம்பர் வரும் (ஈவிங்கிறது எலக்ட்ரான் வோல்ட், ஆற்றலோட அலகு), அது எதோட நம்பர்னு கேட்டா பதில் இருக்காது. பிழை பெரும்பாலும் செய்யுற வரிசையிலதான் இருக்கு, அதனால வரிசையோடவே எழுதுதேன், ஏன் அந்த வரிசைன்னும் சேத்துச் சொல்லுதேன்.

1. எதைத் தேடுறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

வெளிச்சம் பட்டதும் ஒரு எலக்ட்ரான் மேல கண்டக்ஷன் பேண்டுங்கிற ஆற்றல் மட்டத்துக்கு ஏறும், கீழ அது விட்டுப்போன காலி இடமா ஒரு ஹோல் மிஞ்சும். ஒண்ணு நெகட்டிவ், ஒண்ணு பாசிட்டிவ், ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்கும். அந்த இழுப்புல சேந்தே திரியுற ஜோடிதான் எக்ஸைட்டான். ஜோடியைப் பிரிக்க ஆகுற ஆற்றல்தான் பைண்டிங் எனர்ஜி.

சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்துக்குப் போனவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். கூட்டத்துல ரெண்டு பேரு கையைப் பிடிச்சுட்டு நடக்காங்க. பிரிவாங்களா மாட்டாங்களாங்கிறது பிடி எவ்வளவு இறுக்கம்ங்கிறதுல மட்டும் இல்ல, கூட்டம் எவ்வளவு தள்ளுதுங்கிறதும் இருக்கு, பிரிஞ்ச பிறகு எவ்வளவு பெரிய இடத்துல தேடணும்ங்கிறதும் இருக்கு. பிடி பைண்டிங் எனர்ஜி, தள்ளு வெப்பநிலை, இடம்ங்கிறது சார்ஜோட அடர்த்தி. ஒரே ஒரு வித்தியாசம், எலக்ட்ரானுக்கு அதே பழைய ஹோல்தான் வேணும்னு இல்ல, எந்த ஹோல் கிடைச்சாலும் ஜோடி சேந்துக்கும்.

அதனால "எக்ஸைட்டான் இருக்கா இல்லையா"ன்னு கேக்காதீங்க. "இந்த வெப்பநிலையில, இந்த அடர்த்தியில எத்தனை பங்கு ஜோடியா இருக்கு"ன்னு கேளுங்க. கேள்வி மாறினா நோட்டுல எழுத வேண்டிய நம்பர்களும் மாறும்.

2. கையில என்னென்ன இருக்கணும்

சாம்பிளுக்கு மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடு ஃபிலிம், லேப்ல நாங்க மேப்பின்னு சொல்லுவோம். தடிமன் 200லேருந்து 300 நானோமீட்டர் போதும். அதுக்கு மேல போனா அலைநீளம் குறைஞ்ச பக்கம் வெளிச்சம் மொத்தமும் ஃபிலிம்லயே நின்னுரும், டிடெக்டருக்கு ஒண்ணும் வராது, ஸ்பெக்ட்ரம் மேல தட்டையா வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும். சிலர் அந்தத் தட்டையை எக்ஸைட்டான் பீக்னு குறிச்சிருக்காங்க.

கூடவே அயோடைடுக்குப் பதிலா புரோமைடு இருக்குற அதே வகை ஃபிலிம் ஒண்ணும் பண்ணி வச்சுக்கோங்க, காரணம் ஆறாவது படியில வருது.

மெஷின்ல யூவி-விசிபிள், ரிஃப்ளெக்ஷனும் எடுக்குற மாதிரி இன்டிகிரேட்டிங் ஸ்பியர் இருந்தா நல்லது. போட்டோலூமினசென்ஸ் செட்டப், அதாவது பிஎல், லேசர் பட்டதும் ஃபிலிம் திருப்பி விடுற ஒளியை அளக்குறது. லேசர் பவர் அளக்க ஒரு பவர் மீட்டர். பவரைக் குறைக்க நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர் நாலஞ்சு. சாம்பிளைக் குளிர வைக்க லிக்விட் நைட்ரஜன் க்ரையோஸ்டாட். தடிமன் அளக்க புரொஃபைலோமீட்டர். இதுல பவர் மீட்டரும் தடிமனும் இல்லாம ஆரம்பிக்காதீங்க, அது ரெண்டும் இல்லன்னா அடர்த்தியே கணக்குப் போட முடியாது, அடர்த்தி இல்லன்னா முதல் படியில கேட்ட கேள்விக்குப் பதிலே கிடையாது.

அப்புறம் நம்ம ஊர் விஷயம் ஒண்ணு. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லேருந்தும் மழை, ரெண்டு பருவமும் கிடைக்குற ஊரு, நடுவுல கடல் காத்து வேற. மேப்பிக்கு ஈரம் ஆகவே ஆகாது. க்ளவ் பாக்ஸ் இருந்தா சரி, இல்லன்னா ஃபிலிம் பண்ற ரூம்ல ஈரப்பத மீட்டர் ஒண்ணு மாட்டி ஒவ்வொரு சாம்பிளுக்கும் அந்த ரீடிங்கை நோட்டுல எழுதுங்க. ஜூலையில பண்ண ஃபிலிமையும் மார்ச்சுல பண்ணதையும் ஒரே வரைபடத்துல போட்டுட்டு "ஏன் ஒத்துவரல"ன்னு ரெண்டு வாரம் தேடுன பிள்ளைங்க உண்டு.

இதுல ஈயம் இருக்கு, தண்ணில கரையுற வடிவத்துல. க்ளவுஸ் இல்லாம தொடாதீங்க. கழுவுன கரைசலை வாஷ்பேசின்ல ஊத்தாதீங்க, தனி கேன்ல சேத்து லெட் வேஸ்ட்னு எழுதி வைங்க. இங்க ஓடைத் தண்ணி குளத்துக்குப் போகுது, குளத்துத் தண்ணி வயலுக்குப் போகுது. இந்த ஒரு விஷயத்துல எந்தச் சமாதானத்தையும் நான் கேக்குறது இல்ல.

3. மெஷின்கிட்ட போறதுக்கு முன்னால பேப்பர்ல கணக்கு

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க. அரை மணி நேரக் கணக்கு, ரெண்டு மாச வேலையைக் காப்பாத்தும்.

முதல் நம்பர் வெப்ப ஆற்றல். 300 கெல்வின்ல சுமார் 26 மில்லி ஈவி, 80 கெல்வின்ல சுமார் 6.9. நீங்க அளக்கப்போற எல்லாத்தையும் இது கூடத்தான் ஒப்பிடணும்.

ரெண்டாவது, பைண்டிங் எனர்ஜியோட ஒரு தோராயம். எக்ஸைட்டானை ஹைட்ரஜன் அணு மாதிரி நினைச்சுக்கிட்டா:

பைண்டிங் எனர்ஜி = 13.6 ஈவி × ரெடியூஸ்டு மாஸ் ÷ டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்டோட வர்க்கம்

ரெடியூஸ்டு மாஸ்ங்கிறது எலக்ட்ரான், ஹோல் ரெண்டோட மாஸையும் சேத்துக் கணக்குப் போட்ட ஒரே மாஸ், டைஎலக்ட்ரிக்ங்கிறது பொருள் அந்த இழுப்பை எவ்வளவு மறைக்குதுங்கிற அளவு. மேப்பிக்கு ரெடியூஸ்டு மாஸ் எலக்ட்ரான் மாஸ்ல 0.104 பங்கு. டைஎலக்ட்ரிக் 9 போட்டா 17 மில்லி ஈவிக்குக் கொஞ்சம் மேல வரும். 6.5 போட்டா 33 வரும். 25 போட்டா 2 சில்லறை. ஒரே பொருள், ஒரே சூத்திரம், விடை பதினஞ்சு மடங்கு மாறுது. கீழ வர்க்கம் இருக்குறதாலதான் இவ்வளவு ஆட்டம்.

இதுல எதைப் போடணும்? இங்கதான் பெரோவ்ஸ்கைட்டோட தனிக்குணம் இருக்கு. 6.5ங்கிறது எலக்ட்ரான் மேகம் மட்டும் நகந்து மறைக்குறப்போ வர்ற மதிப்பு, 25ங்கிறது அயனிகளும் நகந்து மறைக்குறப்போ வர்றது. இந்தக் கிரிஸ்டல் மெத்துன்னு இருக்கும், ஈயமும் அயோடினும் அசையுற அதிர்வோட ஆற்றல் பத்துப் பன்னெண்டு மில்லி ஈவிதான், பைண்டிங் எனர்ஜியும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். அதனால அயனிகள் பாதி மறைக்கும், பாதி பின்தங்கும். சரியான மதிப்பு ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு, வெப்பநிலை ஏற ஏற மறைப்பும் கூடும். பெரிய காந்தப்புலத்துல வச்சு அளந்தவங்களுக்குக் குறைஞ்ச வெப்பநிலையில 16 மில்லி ஈவி கிடைச்சது, அறை வெப்பநிலையில அதைவிடக் குறைவு. பழைய பேப்பர்கள்ல 37, 50ன்னு எல்லாம் பாப்பீங்க, அது எந்த முறையில எந்த வெப்பநிலையில எடுத்ததுன்னு பாக்காம தூக்கிட்டு வராதீங்க.

கூடவே ஆரத்தையும் போட்டுப் பாருங்க: 0.053 நானோமீட்டர் × டைஎலக்ட்ரிக் ÷ மாஸ். 9 போட்டா சுமார் 4.6 நானோமீட்டர். ஒரு யூனிட் செல் 0.6 நானோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், அதாவது ஜோடி நிறைய செல்லுக்கு மேல பரந்து கிடக்கு. அதனாலதான் ஹைட்ரஜன் கணக்கு இங்க ஓரளவு செல்லுது.

4. சாஹா கணக்கு: யாரு ஜோடி, யாரு தனி

மேகநாத் சாஹா நட்சத்திரத்துக்குள்ள அணு எத்தனை பங்கு அயனியா உடையும்னு கணக்குப் போட 1920ல எழுதின சமன்பாடுதான் இங்கயும் வேலை செய்யுது. தனியா இருக்குற பங்கை 'த'ன்னு வச்சுக்கிட்டா, த-வோட வர்க்கத்தை (1 − த)வால வகுத்தா வர்றது ஒரு அடர்த்தி விகிதம். மேல இருக்குறது வெப்பநிலையையும் மாஸையும் பொறுத்த ஒரு அடர்த்தி, அதைப் பைண்டிங் எனர்ஜியோட எக்ஸ்பொனென்ஷியல் குறைக்கும். கீழ இருக்குறது உங்க சார்ஜ் அடர்த்தி.

மேப்பிக்கு 300 கெல்வின்ல மேல இருக்குற அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 4 × 10^17. பைண்டிங் எனர்ஜி 16 போட்டுக் குறைச்சா 2.3 × 10^17.

இப்போ உங்க அடர்த்தி. சாதாரண வெயில்ல மேப்பி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விநாடிக்கு சுமார் 1.6 × 10^17 போட்டான் உறிஞ்சும். 300 நானோமீட்டர் தடிமனால வகுத்து, சார்ஜோட ஆயுள் 200 நானோ விநாடின்னு பெருக்குனா 10^15 வருது. அப்படின்னா விகிதம் 200க்கு மேல, தனியா இருக்குறது 99 சதவீதத்துக்கும் மேல.

இங்க ஒரு நிமிசம் நில்லுங்க. பைண்டிங் எனர்ஜி 16 இல்ல, 50ன்னே வச்சுக்கிட்டாலும் 98 சதவீதம் தனியாத்தான் இருக்கும். 50ங்கிறது 26ஐ விடப் பெருசு, அதனால ஜோடிதான் ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்லிருவாங்க, ஆனா அடர்த்தி கம்மியா இருக்கும்போது இடம் விசாலம், பிரிஞ்சவங்க திரும்பச் சந்திக்கிறது கஷ்டம். ரெண்டு ஆற்றலை மட்டும் ஒப்பிட்டு முடிவு பண்ணக் கூடாதுங்கிறதுக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியல.

அதே மேப்பியை 80 கெல்வினுக்கு இறக்கி 10^15லயே வச்சா 87 சதவீதம் தனி. 10^17க்கு ஏத்துனா 21 சதவீதந்தான் தனி, மிச்சம் எல்லாம் ஜோடி. இந்த நாலு நம்பரையும் நீங்களே கையால போட்டுப் பாத்துட்டுத்தான் அடுத்த படிக்குப் போகணும்.

5. ஃபிலிம் பண்ணி, நல்லதான்னு பாத்துக்கிடுங்க

லெட் அயோடைடும் மெத்தில் அம்மோனியம் அயோடைடும் சம மோல், டிஎம்எஃப்–டிஎம்எஸ்ஓ கரைப்பான் நாலுக்கு ஒண்ணு, ஸ்பின் ஓடும்போது ஆன்ட்டிசால்வென்ட் ஊத்தி, 100 டிகிரில பத்து நிமிசம். இதைப் பத்தி நிறைய பேரு எழுதியாச்சு, நான் நீட்டல.

பாக்க வேண்டியது ரெண்டு. நிறம் அடர் பழுப்பு, கண்ணாடி மாதிரி பளபளப்பா இருக்கணும். மஞ்சள் ஓரம் தெரிஞ்சா லெட் அயோடைடு மிஞ்சியிருக்கு அல்லது ஈரம் தின்னுருக்கு, 520 நானோமீட்டர் பக்கம் ஒரு படி தெரியும், அந்தப் படி உங்க எக்ஸைட்டானுக்குச் சம்பந்தமே இல்லாதது. ரெண்டாவது, பிஎல் 770–780 நானோமீட்டர்ல ஒரே பீக்கா வரணும்.

அயோடைடும் புரோமைடும் கலந்த ஃபிலிமை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீங்க. வெளிச்சம் பட்டா அயோடின் தனியாப் போய்ச் சேரும், பிஎல் பீக் கண் முன்னாலயே சிவப்புப் பக்கம் நகரும். அதைப் பாத்துட்டு எக்ஸைட்டான் நிலை ஒண்ணு கண்டுபிடிச்சோம்னு வந்து நிப்பாங்க.

6. அப்சார்ப்ஷன் எடுத்து எலியட் ஃபிட்டிங்

முதல்ல டிரான்ஸ்மிஷனும் ரிஃப்ளெக்ஷனும் ரெண்டும் எடுங்க. டிரான்ஸ்மிஷன் மட்டும் வச்சு அப்சார்பன்ஸ் போட்டா, ஃபிலிமோட ரெண்டு பக்கமும் பட்டுத் திரும்புற வெளிச்சத்தால வர்ற அலை மேடு பள்ளமா உக்காந்துக்கும், அந்த மேடு எட்ஜ் (உறிஞ்சுதல் தொடங்குற இடம்) பக்கத்துல விழுந்தா அச்சு அசல் எக்ஸைட்டான் பீக் மாதிரியே இருக்கும். சந்தேகம்னா வேற தடிமன்ல ஒரு ஃபிலிம் பண்ணிப் பாருங்க. மேடு நகந்துச்சுன்னா அது எக்ஸைட்டான் இல்ல.

டாக் பிளாட் (உறிஞ்சுதல் கோட்டை நேரா நீட்டி கேப்பைப் படிக்கிற வரைபடம்) போட்டு பேண்ட்கேப் (ரெண்டு பேண்டுக்கும் நடுவுல உள்ள ஆற்றல் இடைவெளி) எடுத்துட்டு, பிஎல் பீக்கை அதுலேருந்து கழிச்சு பைண்டிங் எனர்ஜின்னு எழுதுறது ரொம்பச் சாதாரணமா நடக்குற தப்பு. டாக் முறை ஜோடியோட இழுப்பே இல்லன்னு நினைச்சு எழுதுனது. இழுப்பு இருந்தா எட்ஜ் கீழ பக்கம் தடிச்சிரும், கோடு கேப்புக்குக் கீழ போய் வெட்டும். இழுப்பை இல்லன்னு வச்சு வந்த நம்பர்லேருந்து இழுப்போட அளவை எடுக்க முடியாது.

எலியட் சூத்திரம்தான் அந்த இழுப்பையும் சேத்து உறிஞ்சுதலைக் கணக்குப் போடுறது, அதுல ரெண்டு பாகம். கேப்புக்குக் கீழ பைண்டிங் எனர்ஜி அளவு தள்ளி ஒரு பீக், அதுக்கு மேல சின்னச் சின்னதா வரிசையா. ரெண்டாவது, கேப்புக்கு மேலயும் இழுப்பால உறிஞ்சுதல் கூடும், பிரிஞ்சே இருக்குற எலக்ட்ரானும் ஹோலும் கூட ஒண்ணையொண்ணு பக்கத்துல இழுத்துக்கிட்டுத்தான் இருக்கும். இது முக்கியம் பாத்துக்கிடுங்க: அப்சார்ப்ஷன்ல எக்ஸைட்டானோட தடம் தெரியுறதுக்கும், உறிஞ்சுன பிறகு சார்ஜ் ஜோடியாவே இருக்குறதுக்கும் சம்பந்தம் இல்ல. அப்சார்ப்ஷன் பிறக்குற கணத்தைச் சொல்லுது, சாஹா அதுக்கப்புறம் எப்படி வாழுதுன்னு சொல்லுது. மேப்பியில தடமும் இருக்கு, 99 சதவீதம் தனியாவும் இருக்கு, ரெண்டும் முரண் இல்ல.

ஃபிட்டிங்கை மேப்பியில ஆரம்பிக்காதீங்க. அறை வெப்பநிலையில அதோட பிஎல் அகலமே 90–100 மில்லி ஈவி இருக்கும், அவ்வளவு மங்கலுக்குள்ள பத்துச் சொச்சம் மில்லி ஈவியைத் தேடுறீங்க, சாஃப்ட்வேர் எதையாவது ஒரு நம்பரைக் கொடுத்துரும். புரோமைடு ஃபிலிம்ல பைண்டிங் எனர்ஜி 25 பக்கம், அறை வெப்பநிலையிலயே பீக் கண்ணுக்குத் தெரியும். அதுல கை பழகிட்டு, பிறகு மேப்பியை 80 கெல்வின்ல ஃபிட் பண்ணி, அங்கேருந்து மேல வாங்க.

ஒவ்வொரு ஃபிட்டையும் மூணு தடவை ஓட்டுங்க, பைண்டிங் எனர்ஜியோட ஆரம்ப மதிப்பு 5, 20, 50ன்னு மாத்தி. மூணும் ஒரே இடத்துக்கு வந்தா நம்பலாம். மூணு வேற வேற இடத்துல நின்னா உங்க டேட்டாவுல அந்த விடை இல்லன்னு அர்த்தம், அதை அப்படியே எழுதுங்க, அதுல ஒரு குறையும் இல்ல.

7. பவரை மாத்தி பிஎல்

வெப்பநிலைக்கு முன்னால பவர் சீரிஸ் எடுங்க, ஏன்னா எந்த அடர்த்தியில நிக்கீங்கன்னு தெரியாம வெப்பநிலையை மாத்துனா ஒரே நேரத்துல ரெண்டு விஷயம் மாறிட்டு இருக்கும்.

லேசரைக் கூர்மையா ஃபோக்கஸ் பண்ணணும்னு ஒரு ஆசை எல்லாருக்கும் உண்டு. 1 மில்லி வாட்டை 100 மைக்ரோமீட்டர் விட்டத்துக்குக் குவிச்சா சதுர சென்டிமீட்டருக்கு 12.7 வாட், வெயிலைவிட 127 மடங்கு. சோலார் செல் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கப் போய் வேற ஏதோ உலகத்துல அளந்துட்டு வருவீங்க. ஸ்பாட்டைப் பெருசாக்குங்க, ஃபில்டர் போடுங்க, கீழேருந்து மேல போய்ட்டு மறுபடி முதல் பவருக்கே வந்து பாருங்க. பழைய சிக்னல் வரலன்னா ஃபிலிம் மாறிருச்சு, நடுவுல எடுத்ததை நம்பாதீங்க.

லாக்-லாக்ல சாய்வு 1 வந்தா எக்ஸைட்டான், 2 வந்தா தனிச் சார்ஜ்னு ஒரு வாய்ப்பாடு உண்டு. தொடர்ச்சியா எரியுற லேசருக்கு அதை அப்படியே போடாதீங்க. தனிச் சார்ஜ்லயே, டிராப்ல, அதாவது கிரிஸ்டல் குறைபாட்டுல, மாட்டிச் சாகுறது ஜாஸ்தின்னா சாய்வு 2 பக்கம் வரும், ஒளியாச் சேந்து முடியுறதுதான் ஜாஸ்தின்னா 1 வந்துரும், ஏன்னா உள்ள போற ஒவ்வொரு போட்டானும் ஒளியாவே திரும்புது. 1ங்கிறது எக்ஸைட்டானுக்குச் சாட்சி இல்ல. பல்ஸ் லேசர் வச்சு பல்ஸ் முடிஞ்ச உடனே வர்ற பிஎல் உயரத்தைப் பாத்தாத்தான் அந்த வாய்ப்பாட்டுக்கு அர்த்தம் இருக்கு.

இன்னொண்ணு, அலைநீளத்தை ஈவிக்கு மாத்தும்போது 1239.84ஐ வகுத்தா மட்டும் போதாது, உயரத்தையும் அலைநீளத்தோட வர்க்கத்தால பெருக்கணும். அச்சு மாறும்போது ஒரு ஈவிக்குள்ள அடங்குற நானோமீட்டர் மாறுது. அகலமான பீக்ல இது விட்டுப்போனா உச்சி நகந்துரும், உங்க மொத்த விடையே பத்துப் பதினஞ்சு மில்லி ஈவிதான்னும்போது அந்த நகர்வு சின்னது இல்ல.

8. வெப்பநிலை சீரிஸ்

இங்கதான் அந்த "62 மில்லி ஈவி" பிறக்குது.

வழக்கமா என்ன செய்வாங்கன்னா, 80லேருந்து 300 கெல்வின் வரைக்கும் பிஎல் எடுத்து, மொத்த ஒளி குறையுறதை (குவென்ச்சிங்) ஒரு அர்ரீனியஸ் கோட்டுல (வெப்பநிலையோட எக்ஸ்பொனென்ஷியலா மாறுறதுக்கான கோடு) ஃபிட் பண்ணி, வர்ற ஆக்டிவேஷன் எனர்ஜியை பைண்டிங் எனர்ஜின்னு எழுதிருவாங்க. அது பைண்டிங் எனர்ஜியா இருக்கணும்னா ஜோடி உடைஞ்சதும் ஒளி போயிரணும். மேப்பியில உடைஞ்ச சார்ஜும் திரும்பச் சந்திச்சு ஒளி கொடுக்கும். ஒளியைக் குறைக்குறது பெரும்பாலும் டிராப்புக்குப் போற வழி, அந்த வழியோட தடை உயரத்தைத்தான் நீங்க அளந்துருக்கீங்க. அதை "பிஎல் குவென்ச்சிங் ஆக்டிவேஷன் எனர்ஜி"ன்னு பேர் போட்டு எழுதுனா அது நேர்மையான நம்பர், பைண்டிங் எனர்ஜின்னு எழுதுனா தப்பு. சோதிக்க ஒரு வழி: பத்து மடங்கு பவரை மாத்தி அதே சீரிஸ் எடுங்க. நம்பர் மாறுச்சுன்னா டிராப் நிரம்புறதுதான் அங்க நடக்குது.

அடுத்து, 160 கெல்வின் பக்கம் மேப்பி ஆர்த்தோராம்பிக்ங்கிற கிரிஸ்டல் அமைப்புலேருந்து (ஃபேஸ்) டெட்ராகனலுக்கு மாறும், பேண்ட்கேப் அந்த இடத்துல துள்ளும். அதுக்குக் கீழயும் கொஞ்சம் டெட்ராகனல் துண்டு மிஞ்சி நிக்கும், அதோட கேப் சின்னது, சார்ஜ் எல்லாம் அங்க வழிஞ்சு போய் ரெண்டாவது பீக் ஒண்ணு கீழ வரும். அதை எக்ஸைட்டான்னும் மேல உள்ளதைத் தனிச் சார்ஜ்னும் பேர் போட்டுறாதீங்க. 160க்குக் குறுக்க ஒரே கோட்டை ஃபிட் பண்ணவும் கூடாது. குளிரும்போது ஒரு தடவை, சூடாகும்போது ஒரு தடவை எடுங்க, மாற்றம் நடக்குற இடம் ரெண்டுலயும் ஒண்ணா இருக்காது.

சிலிக்கான் படிச்சுட்டு வர்றவங்க பீக் எந்தப் பக்கம் நகருதுன்னு பாத்து மெஷின் தப்புன்னு நினைப்பாங்க. மேப்பியில ஒரே ஃபேஸுக்குள்ள வெப்பம் ஏற ஏற கேப் கூடும், அது சரிதான்.

க்ரையோஸ்டாட்ல காட்டுற நம்பர் கோல்டு ஃபிங்கரோடது (சாம்பிளை மாட்டுற குளிர்ந்த உலோகத் தண்டு), ஃபிலிமோடது இல்ல. கண்ணாடி வெப்பத்தை மெதுவாத்தான் கடத்தும், அதனால மெல்லிசாப் பேஸ்ட் தடவி, ஒவ்வொரு புள்ளியிலயும் பத்து நிமிசம் காத்திருந்து, ரெண்டு ஸ்பெக்ட்ரம் எடுத்து ஒண்ணா இருந்தா அடுத்ததுக்குப் போங்க. சஃபையர் தட்டு கிடைச்சா இன்னும் நல்லது. நம்ம ஊர் ஈரத்துல வெளி ஜன்னல்ல பனி பிடிச்சிரும், சிக்னல் மெல்ல மெல்லக் குறையும், அது அப்படியே ஒரு அழகான குவென்ச்சிங் கோடு மாதிரி வரும். ஜன்னல் மேல காஞ்ச நைட்ரஜனைச் சின்னக் குழாய் வழியா ஊதிக்கிட்டே இருங்க, ஒவ்வொரு புள்ளிக்கும் டார்ச் அடிச்சு ஜன்னலைக் கண்ணால பாருங்க.

9. எதிர்ப் பக்கம் ஒரு சாம்பிள்: டூ-டி பெரோவ்ஸ்கைட்

ஃபீனைல் எத்தில் அம்மோனியம் லெட் அயோடைடு ஒண்ணு பண்ணிப் பாருங்க. ஈய அயோடைடு ஒரே ஒரு அடுக்கு, ரெண்டு பக்கமும் ஆர்கானிக். அறை வெப்பநிலையில, 515 நானோமீட்டர் பக்கம், கத்தி மாதிரி ஒரு பீக் நிக்கும். இதோட பைண்டிங் எனர்ஜி சில நூறு மில்லி ஈவி. தட்டைக்குள்ள அடைச்சாலே ஹைட்ரஜன் கணக்குப்படி நாலு மடங்கு கூடும், அதுக்கு மேல ஆர்கானிக் பக்கம் டைஎலக்ட்ரிக் குறைவு, இழுப்பை மறைக்க அங்க ஒண்ணும் இல்ல. எக்ஸைட்டான்னா எப்படி இருக்கும்னு கண்ணுக்குப் பழக்க இதுதான் நல்ல சாம்பிள், அதனாலதான் எங்க லேப்ல மேப்பிக்கு முன்னால சிலருக்கு இதைக் கொடுத்துருதோம்.

ஈரத்தைத் தாங்கும்னு மேப்பி மேல டூ-டி அடுக்கு போடுறவங்க இதைக் கவனிக்கணும். அந்த அடுக்குக்குள்ள உறிஞ்சுன வெளிச்சம் ஜோடியாவே நிக்கும், பிரிக்க ஆள் வேணும். அடுக்கு மெல்லிசா இருக்கணும்னு சொல்லுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஈய அயோடைடு மூணடுக்குன்னு நினைச்சுப் பண்ணுற ஃபிலிம்ல ரெண்டு அடுக்கு, மூணு, நாலு, முழு மேப்பி எல்லாம் கலந்து கிடக்கும். அப்சார்ப்ஷன்ல 570, 610 பக்கம் பீக் காட்டும், பிஎல் மட்டும் சிவப்புக் கோடிலேருந்து வரும், ஏன்னா ஆற்றல் எல்லாம் சின்னக் கேப்புக்கு வழிஞ்சுரும். அந்த ரெண்டுக்கும் உள்ள தூரத்தை பைண்டிங் எனர்ஜின்னு ஒரு தடவை ஒரு ரிப்போர்ட்ல பாத்தேன், கிட்டத்தட்ட அரை ஈவி.

10. நோட்டுல எழுதும்போது

பைண்டிங் எனர்ஜின்னு ஒரு நம்பரை எழுதுறீங்கன்னா பக்கத்துலயே வெப்பநிலை, எந்த ஃபேஸ், எந்த முறை, ஃபிட்டோட மூணு ஆரம்ப மதிப்பும் எங்க நின்னுச்சு, எல்லாம் இருக்கணும். பிஎல்லுக்கு சார்ஜ் அடர்த்தி இருக்கணும், வெறும் லேசர் பவர் இல்ல. குறைஞ்சது ரெண்டு வழியில அளந்து, உதாரணத்துக்கு எலியட் ஒண்ணு, பல்ஸ் பிஎல் ஒண்ணு, ரெண்டும் ஒத்துவந்தா அதை வச்சு நாலாவது படியில போட்ட சாஹா கணக்கைத் திரும்பப் போட்டு, ஜோடி எத்தனை சதவீதம்னு கடைசிக் கட்டத்துல எழுதுங்க. ஒத்துவரலன்னா ரெண்டு நம்பரையும் போட்டு, ஜன்னல் பனியைப் பாத்தீங்களா, 160ஐத் தாண்டி ஃபிட் பண்ணீங்களா, முதல் பவருக்குத் திரும்பி வந்து பாத்தீங்களான்னு அந்த மூணையும் முதல்ல தேடுங்க, எங்க லேப்ல பாதிக்கு மேல அங்கதான் கிடைச்சிருக்கு.